சி டிரைவ் சிவந்தால் முதலில் போட்டோக்களை அழிக்காதீர்கள்

"சி டிரைவ் ஃபுல் ஆயிடுச்சு சார், பாதி போட்டோவை அழிச்சுட்டேன், இன்னும் சிவப்பாவே காட்டுது." சர்வீஸுக்கு வருபவர்கள் இப்படிச் சொல்லும்போது எனக்கு மனசு பதறும். ஒரு போட்டோ 5 எம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் போட்டோவை அழித்தாலும் கிடைப்பது 5 ஜிபிதான். பிள்ளையின் முதல் பிறந்தநாள் போய்விடும். இடத்தைப் பிடித்திருக்கும் ஃபைல் அப்படியே இருக்கும்.

அழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் மேலோட்டமான கணக்கு கிடைக்கும். ஃபோல்டர் வாரியாகப் பார்க்க நான் விஸ்ட்ரீ (WizTree) என்ற புரோகிராமைத்தான் பயன்படுத்துகிறேன். டிஸ்க்கின் மாஸ்டர் ஃபைல் டேபிளை, அதாவது எல்லா ஃபைல்களின் பட்டியலை, அது நேரடியாகப் படிப்பதால், பெரும்பாலும் சில நொடிகளில் பெரிய ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க மறக்காதீர்கள்.

அந்த வரிசையில் நான் அடிக்கடி பார்ப்பது ஐபோன் பேக்கப். ஆப்பிளின் ஐடியூன்ஸ் அதைப் பெரும்பாலும் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் வைக்கிறது. போனை விற்றே பல வருடம் ஆகியிருக்கும். பேக்கப் மட்டும் பல ஜிபிக்கு அங்கேயே கிடக்கும். உள்ளே இருப்பது இனி வேண்டாம் என்று வீட்டில் கேட்டு உறுதி செய்த பிறகே நீக்குங்கள். அடுத்தது ஹைபர்னேஷன் ஃபைல்; திறந்திருக்கும் வேலையை அப்படியே டிஸ்க்கில் சேமித்துவிட்டு கம்ப்யூட்டர் அணைவதுதான் ஹைபர்னேஷன். விண்டோஸ் 10இல் வழக்கமாக ராமில் 40 சதவீதம் வரை எடுக்கும்; 16 ஜிபி ராம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேஷனை நிறுத்தினால் அது போய்விடும், கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே நின்றுவிடும். பெரிய அப்கிரேடுக்குப் பிறகு தங்கும், பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை விண்டோஸே 10 நாளில் நீக்கிவிடும்.

ஒன்றை மட்டும் கையால் தொடவே தொடாதீர்கள்: விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டர். ஒரே ஃபைல் ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) மூலம் இரண்டு இடத்தில் தெரிவதால், உண்மையான அளவைவிடப் பெரிதாகக் காட்டும். அதில் கைவைத்துவிட்டு, அப்டேட் ஏறாமல், சிஸ்டமே பூட் ஆகாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதைக் குறைக்க டிஸ்க் கிளீனப்பில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் இருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டியும் கணக்கு இடிக்கிறதா? சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனைத் திறந்து, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்டுகளுக்கு எத்தனை ஜிபி ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே வரம்பைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டாம்.