இளக்கப் போய் இறுகும் ஃபர்னஸ் ஆயில்

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் ஆலைகளில் பாய்லர்களையும் பர்னர்களையும் பராமரிப்பதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். பல ஆலைகள் விறகுக்கு மாறிவிட்டன. பாய்லரில் எரிக்கும் கனத்த எண்ணெயான ஃபர்னஸ் ஆயிலை இன்னும் பயன்படுத்துபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேலூர்ப் பக்கம் வெயிலுக்குப் பேர்போனதுதான் என்றாலும், மார்கழி விடியலில் அந்த எண்ணெய் பாகுபோல் கெட்டிப்பட்டு, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். அப்படியொரு காலையில் பர்னர் அணைந்து அணைந்து எரிவதாக ஓர் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. ஃபில்டர் கூடையைக் கழற்றியபோது வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. மினுமினுக்கும் கரிய பசை அப்பியிருந்தது. விரலிடையே வைத்துத் தேய்த்தேன். மெழுகாக இருந்தால் உடல்சூட்டிலேயே சற்று நெகிழ்ந்திருக்கும், இது நெகிழவில்லை. டீசல் நனைத்த துணியால் துடைத்தால் இழுகியதே தவிரக் கரையவில்லை. டொலுவீன் என்னும் கரைப்பானைச் சில சொட்டு விட்டவுடன் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கரைந்து ஓடியது. எதையாவது கலந்தீர்களா என்று கேட்டேன். "ஆயில் கெட்டியா இருந்துச்சு சார், இளகட்டும்னு ரெண்டு டிரம் டீசல் ஊத்தினோம்" என்றார் பாய்லர் ஆபரேட்டர். அடைப்பு வந்த பிறகு குழாயைக் கழுவியதும் டீசலால்தான்.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் பிரிந்த பின் எஞ்சும் அடிக்கனத்தைக் கொண்டே ஃபர்னஸ் ஆயில் தயாராகிறது. ஆகவே கச்சா எண்ணெயில் இருந்த அஸ்பால்டீன் என்னும் கனத்த கரிய பொருள் இதில் செறிந்து நிற்கிறது. கூடையில் அப்பியிருந்த பசை இதுதான். 1837-இல் பிரெஞ்சு வேதியியலர் பூசிங்கோ இப்பெயரைச் சூட்டினார். டொலுவீனில் கரையும், பாரஃபின் வகைத் திரவமான ஹெப்டேனில் கரையாது என்பதே இதற்கு இன்று வழங்கும் இலக்கணம். இந்தக் கனத்த மூலக்கூறுகள் சர்க்கரை நீரில் கரைவதுபோல் எண்ணெயில் கரைந்திருப்பதில்லை. எண்ணெயிலேயே உள்ள ரெசின்கள் என்னும் பிசின் போன்ற பொருள்களும், டொலுவீன் வகையைச் சேர்ந்த அரோமேட்டிக் சேர்மங்களும் சுற்றி நின்று தாங்கிப் பிடிப்பதால்தான் மிதந்து நிற்கின்றன. பாரஃபின் மிகுந்த டீசலை ஊற்றும்போது அந்தத் தாங்கல் வலுவிழந்து, எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படிகின்றன. திரிந்த பாலைக் காய்ச்சினாலும் பழைய பாலாகாது, இதுவும் அப்படித்தான்.

எண்ணெய்க் கிணறுகளில் யாரும் எதையும் ஊற்றாமலே இது நேர்கிறது. எண்ணெய் மேலேறும்போது அழுத்தம் குறைய, அதில் கரைந்துள்ள இலேசான வாயுக்கள் விரிந்து, அஸ்பால்டீனைத் தாங்கும் ஆற்றலை எண்ணெய் இழக்கிறது. வாயு குமிழிடத் தொடங்கும் அழுத்தத்தை நெருங்கும்போது ஆபத்து உச்சத்தில் இருக்கும். வெனிசுலாவின் பொஸ்கான் எண்ணெயில் சுமார் 17 விழுக்காடு அஸ்பால்டீன் இருந்தும் தொல்லை பெரிதில்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவுத் எண்ணெயில் அரை விழுக்காடுகூட இல்லாமலே கிணற்றுக் குழாய்கள் அடைபட்டன. ஆகவே அளவை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, தாங்கல் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

திரளாத எண்ணெயின் பிசுபிசுப்பு பெரும்பாலும் வெப்பத்தைப் பொறுத்தே அமையும். திரண்டுவிட்டால் அது வெறும் திரவமல்ல, துகள் கலந்த குழம்பு. துகள்கள் மிகுந்தால், நின்ற எண்ணெயை நகர்த்துவதற்கே பம்ப் கூடுதலாக உந்த வேண்டியிருக்கும். மும்பை ஹை என்னும் கடல் எண்ணெய் வயலின் எண்ணெயில் உறையும் மெழுகைச் சூடாக்கி இளக்கிவிடலாம், அஸ்பால்டீன் படிவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

எனவே ஃபர்னஸ் ஆயிலை இளக்கும் வேலையை ஹீட்டரிடமே விடுங்கள். இந்தியத் தரம் ஐஎஸ் 1593-இன் எம்வி2 வகைக்கு 50 டிகிரி செல்சியஸில் 180 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) வரை பிசுபிசுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணெய் பர்னரில் நன்றாகச் சிதற வேண்டுமானால் 100 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். வேறு எண்ணெயைக் கலந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் சிறிதளவை அதே விகிதத்தில் கலந்து சூடாக்கி, ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, 100 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் உலர்த்திப் பாருங்கள். கறை முழுதும் ஒரே பழுப்பாகப் பரவியிருந்தால் நல்லது. நடுவில் கருத்த வட்டம் விழுந்தால் கலக்கவே வேண்டாம். அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் டி 4740 என்னும் சோதனை இந்த முறையில் அமைந்ததுதான்.

கசடு எடுக்க யாரையும் நேராகத் தொட்டிக்குள் இறக்கிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கக்கூடும். காற்றோட்டம் கொடுத்து, வாயுவை அளந்து, வெளியே ஆள் நிறுத்திய பிறகே எவரும் இறங்க வேண்டும். டொலுவீனும் எளிதில் தீப்பற்றும்.

அந்த ஆலையில் எண்ணெய் கெட்டியானதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. பர்னருக்கு எண்ணெய் தரும் சர்வீஸ் டேங்கைச் சூடாக்கும் நீராவிச் சுருளில், குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியேற்றும் ஸ்டீம் டிராப் அடைத்துக்கொண்டு, சுருள் முழுதும் தண்ணீர் நின்றிருந்தது. அதை மாற்ற அரை நாள் போதுமாக இருந்தது. டேங்கிலும் குழாயிலும் படிந்ததை அகற்ற ஒன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் சாயமேற்ற வெந்நீர் இல்லாமல் அங்கே தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்கள் சுழலவில்லை.