ரூமன் சிமுலேஷன்: அசைவயிற்றைக் குடுவையில் போலச்செய்தல்

போன தை மாதம் ஒரத்தநாட்டுப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பா அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் ஏறிக்கொண்டிருந்தது. கால்நடைப் பயிற்சி ஒன்றில் கொடுத்த துண்டறிக்கையை மடிப்புப் பிரித்து நீட்டினார். அதில் ஒரு வரி: “வைக்கோலின் செரிமானத் திறன் இன் விட்ரோ ரூமன் ஃபெர்மென்டேஷன் உருவகப்படுத்துதல் மூலம் மதிப்பிடப்பட்டது.”

“தம்பி, இதுல வைக்கோலு ஒண்ணுதான் புரியுது. மத்ததெல்லாம் என்னப்பா?” என்றார்.

நாற்பது வருஷமாக மாடு வளர்க்கிறவருக்கு, மாட்டு வயிற்றைப் பற்றிய ஒரு வரி புரியவில்லை என்றால் குற்றம் அந்த வரியினுடையது. அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் ரூமன். இலத்தீனில் அதற்குத் தொண்டை, இரைக்குழல் என்று பொருள். மாட்டுக்கு வயிறு நான்கு அறை. அதில் பெரியதும் முதலாவதுமான அறைக்குப் பின்னாளில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதிலிருந்து வந்த இலத்தீன் வினைக்கு அசைபோடுதல் என்று பொருள். ஒரு நினைப்பைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் புரட்டுவதையும் அதே வினையால்தான் சொன்னார்கள். நாமும் “பழைய நினைவுகளை அசைபோட்டேன்” என்கிறோம். ஒருவர் சொல்லை இன்னொருவர் கடன் வாங்கவில்லை. இரண்டு பேரும் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நானும் பார்த்தேன். சித்தப்பாவின் உம்பளச்சேரிப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, பூவரச மர நிழலில் படுத்திருந்தது. கழுத்தின் இடப்பக்கம் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஓடியது. வாய் பக்கவாட்டில் அரைக்க ஆரம்பித்தது. எண்ணினேன்: ஐம்பத்திரண்டு மெல்லல். அப்புறம் ஒரு விழுங்கல், ஒரு கணம் சும்மா இருப்பு, அடுத்த உருண்டை.

தமிழில் ரூமனுக்கு அசையூண் வயிறு, முதல் இரைப்பை, பெருவயிறு என்று பல பெயர்கள் புழங்குகின்றன. ஈழத்தில் அசைபோடுவதை இரைமீட்டல் என்பார்கள். போன இரையை வாய்க்கு மீட்பது என்று அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. ‘அசையூண்’ நல்ல சொல்தான், ஆனால் பாதி இடங்களில் ‘அசையூன்’ என்று அச்சாகிறது. ஊண் என்றால் உணவு, ஊன் என்றால் இறைச்சி. புல் தின்கிற மாட்டின் வயிற்றில் ஊனை வைப்பது பெரிய பிழை. பாடநூலிலாவது இதைத் திருத்த வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் சேர்த்து ‘அசைவயிறு’ என்றே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. மூன்று சுழியா இரண்டு சுழியா என்ற சிக்கலே வராது.

அடுத்தது ஃபெர்மென்டேஷன். இலத்தீனில் ‘கொதி’ என்ற பொருளுள்ள வினையோடு உறவுடைய சொல். மாவு நுரைத்துப் பொங்குவதைக் கொதிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் நொதித்தல் நிலைத்துவிட்டது, அது இருக்கட்டும். ஆனால் ஊரில் இதைப் புரியவைக்க ‘புளித்தல்’ போதும். சரியாகவும் இருக்கும். அசைவயிற்றில் பாக்டீரியா, ஒருசெல் உயிரிகள், பூஞ்சை, ஆர்க்கியா (பாக்டீரியா போலவே தோன்றும் வேறொரு வகை நுண்ணுயிர்) என்று கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை உடைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் முதன்மையானது அசிட்டிக் அமிலம், வினிகரில் இருக்கும் அதே புளிப்பு. மாட்டின் உடம்புக்குப் பெரும்பங்கு சக்தி இந்தப் புளிப்பிலிருந்துதான் வருகிறது. புளிப்பு மிஞ்சினால் என்ன ஆகும் என்பது டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் ஆளுக்கொரு கை பொங்கல் ஊட்டிவிட்டு, மறுநாள் மாடு தீனி எடுக்காமல் நிற்க, ஆப்ப சோடா கரைத்து ஊற்றியவர்கள் எத்தனை பேர்!

இன் விட்ரோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலத்தீனில் ‘கண்ணாடிக்குள்’ என்று பொருள், உயிருள்ள உடம்புக்கு வெளியே என்பது கருத்து. ‘குடுவையில்’ என்றால் வேலை முடிந்தது.

அந்தக் குடுவைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். அசைவயிற்றிலிருந்து சாறு எடுக்கிறார்கள். விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய மாட்டிலிருந்தோ, இறைச்சிக்கூடத்திலிருந்தோ கிடைக்கும். அதைச் சூடு ஆறாமல் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி, காற்று படாதபடி கார்பன் டை ஆக்சைடு செலுத்திக் காக்கிறார்கள். உள்ளே இருக்கும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. இதோடு செயற்கை உமிழ்நீர் சேர்க்க வேண்டும். 1948-இல் மக்டூகல் என்பவர் ஆட்டு உமிழ்நீரை ஆராய்ந்து கொடுத்த கலவையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் முக்கியச் சரக்கு சோடியம் பைகார்பனேட், லிட்டருக்கு 9.8 கிராம். நம் ஆப்ப சோடாவேதான்.

ஜெர்மனியின் ஹோஹன்ஹெய்மில் மெங்கேயும் உடன் பணியாற்றியவர்களும் 1979-இல் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்தது, கண்ணால் பார்க்கலாம் என்பதால். 100 மில்லி கண்ணாடி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் தீவனப் பொடி, 30 மில்லி சாறும் உமிழ்நீரும் கலந்த திரவம், 39 டிகிரி சூடு. தீவனம் புளிக்கப் புளிக்க வாயு சேர்ந்து சிரிஞ்சின் தண்டை மேலே தள்ளும். 24 மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, தீவனம் எவ்வளவு செரிக்கும் என்று கணக்கிடுகிறார்கள். சும்மா வைக்கோலுக்குத் தண்டு மெல்ல ஏறும், ஏனென்றால் நெல் வைக்கோலில் மணலில் இருக்கும் சிலிக்காவும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும் நாரைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. இந்தப் பிடி தளர, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடிவைத்து எடுத்த வைக்கோலுக்கு அதே தண்டு இன்னும் மேலே போகும்.

இன்னொன்று 1977-இல் ஸ்காட்லாந்தில் செர்காவ்ஸ்கியும் பிரெக்கன்ரிட்ஜும் வெளியிட்ட ருசிடெக் என்ற செயற்கை அசைவயிற்றுக் கருவி. இதில் தீவனத்தை நைலான் பையில் கட்டித் திரவத்தில் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். உமிழ்நீர் ஓயாமல் சொட்டும், கழிவு வழிந்து வெளியேறும். பாத்திரத்துக்கு இரண்டு பை, தினம் ஒன்றை எடுத்துப் புதிதாக ஒன்றைப் போடுவார்கள். ஒவ்வொரு பையும் 48 மணி நேரம் உள்ளே இருக்கும். சிரிஞ்சு ஒருநாள் கதையைச் சொல்லும். இதுவோ வாரக்கணக்கில் ஓடும்.

இப்போது கடைசிச் சொல்: சிமுலேஷன். எனக்குச் சண்டை இதில்தான். இலத்தீனில் ‘போன்ற’ என்ற சொல்லே இதன் வேர். தமிழில் உருவகப்படுத்துதல் என்று எழுதுகிறார்கள். பள்ளியில் படித்தோம்: மதிமுகம் உவமை, முகமதி உருவகம். உவமையில் மதி வேறு, முகம் வேறு. உருவகத்தில் முகமே மதி. சிமுலேஷனுக்கு வேண்டியது முதலாவது. குடுவை வயிறு போன்றது, வயிறு இல்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை என்று ஒதுக்க முடியாது. குடுவைக்குப் போகும் வைக்கோல் மாவாக அரைக்கப்பட்டது. மாட்டுக்கு நாம் போடுவது முழ நீளத் தாள். உண்டான அமிலத்தை மாட்டு வயிற்றின் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். சிரிஞ்சில் அது அங்கேயே கிடக்கும். மழையில் நனைந்து பூஞ்சை வாடை அடிக்கும் வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், குடுவை திருப்பாது. ஆஸ்பரகாப்சிஸ் என்ற செந்நிறக் கடற்பாசியைக் குடுவையில் போட்டபோது, மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் வாயு உண்டாவது கிட்டத்தட்ட முழுதும் நின்றது. மாட்டுக்குக் கொடுத்தபோதும் நன்றாகவே குறைந்தது, ஆனால் எவ்வளவு என்பது பாசியின் அளவையும் கூடப் போட்ட தீவனத்தையும் பொறுத்து மாறியது. பத்து தீவனத்தில் எந்த இரண்டை மாட்டுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மலிவாகச் சலித்துக் கொடுப்பது குடுவை. முடிவான பதில் மாட்டிடம்தான் இருக்கிறது.

‘போலி’ என்றும் எழுதக்கூடாது, அது ஏமாற்று என்ற பொருளைக் கொண்டுவந்துவிடும். ‘போலச்செய்தல்’ சரியாக நிற்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு ‘அசைவயிற்று நொதித்தலைக் குடுவையில் போலச்செய்தல்’, ஊர்ப் பேச்சுக்கு ‘குடுவை வயிறு’.

துண்டறிக்கையின் பின்பக்கத்தில் அந்த வரியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: “வைக்கோல் மாட்டு வயிற்றில் எவ்வளவு செரிக்கும் என்பதை, அசைவயிற்றுச் சாற்றோடு குடுவையில் புளிக்கவைத்துக் கணித்தோம்.” சித்தப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப யூரியா போட்ட வைக்கோலையும் அதுல பாத்தாங்களாமா? எவ்வளவு ஏறுச்சாம்?”

துண்டறிக்கையை மறுபடி புரட்டி, அந்த அட்டவணையைத் தேட ஆரம்பித்தோம்.