கட்டி கரைந்தால் நோய் போய்விட்டதா?

35 நாள் ரேடியேஷனில் 18ஆம் நாளோடு நின்றுவிட்டார் அந்த லாரி ஓட்டுநர். மூன்று வாரம் கழித்து அவர் மனைவி மட்டும் வந்தார். "கழுத்துக் கட்டி சுத்தமா கரைஞ்சிருச்சு டாக்டர். வாயெல்லாம் புண்ணு, தண்ணிகூட இறங்கல. அதான் போதும்னு விட்டுட்டோம்."

இந்த வருடம் இப்படிப் பாதியில் நின்றவர்களில் இவர் நான்காவது ஆள்.

இவருக்கு இருப்பது மூக்குத்தொண்டைப் புற்றுநோய், அதாவது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் வருவது. தென்சீனாவிலும் ஹாங்காங்கிலும் அதிகம். நம் நாட்டில் நாகாலாந்தில். தமிழ்நாட்டில் அரிது. அரிது என்பதாலேயே பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காது அடைத்தால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து, கழுத்தில் கட்டி வந்தால் ஊசி டெஸ்ட்கூட எடுக்காமல் டிபி மாத்திரை என்று காலம் போகிறது. மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சரி, கட்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய் ரேடியேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படும். எலுமிச்சை அளவுக் கட்டி நான்காவது வாரத்தில் கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். தட்டுப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. கட்டி என்பது கோடிக்கணக்கான செல்கள். அதில் பெரும்பகுதி அழிந்தாலே கட்டி மறைந்துவிடும். லட்சக்கணக்கில் மிச்சம் இருக்கும். இடையில் விட்டால் அந்த மிச்சம் முன்பைவிட வேகமாகப் பெருகும். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடாது. மெஷின் ரிப்பேராகி ஒரு நாள் போனால்கூட சனிக்கிழமை வரச்சொல்லி ஈடுகட்டப் பார்க்கிறோமே, எதற்காக?

இன்னொரு பேச்சு: "கழுத்துக்கு வந்தாச்சு, இனி என்ன வைத்தியம்?" தவறு. இந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் கழுத்துக் கட்டியோடுதான் வருகிறார்கள், குணமாகியும் போகிறார்கள். மண்டையோட்டு அடி எலும்பை அரித்திருந்தால், நரம்பு பாதித்துப் பார்வை இரண்டாகத் தெரிந்தால், எலும்பு, கல்லீரலுக்குப் போயிருந்தால்தான் கவலை கூடும். சிகிச்சை முடிந்த பிறகும் ரத்தத்தில், இந்த நோயோடு தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏ மிஞ்சியிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை.

1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முற்றிய நிலை நோயாளிகளில் ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 47 சதவீதம். கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 78. ரேடியேஷனும் அதன் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் முழுதாக எடுத்தால்தானே?

ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பாருங்கள். புகையிலையை அன்றே விடுங்கள். மூன்றாவது வாரம் வாய்ப்புண் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் கொப்பளியுங்கள், வலிக்கு மருந்து கேளுங்கள், எடை குறையவிடாதீர்கள். மூக்கு வழியாக உணவுக்குழாய் போடச் சொன்னால் பயப்படாதீர்கள், சில வாரத்துக்குத்தான். எது வந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள் அம்மா, ஐயா. வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் அவரையும் அழைத்து வந்தார்கள். எட்டு கிலோ இறங்கியிருந்தார். ரேடியேஷனின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மாஸ்க், கன்னத்தில் இரண்டு விரல் போகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. புது மாஸ்க், புது ஸ்கேன், புதுக் கணக்கு. திங்கட்கிழமை 19ஆம் நாள்.