இடக்கையை விறைத்தால் முழங்கைதான் போகும்

சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானம் இருப்பது திருகோணமலையிலேயே பலருக்குத் தெரியாது. ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் சிலர் முழங்கையைத் தடவிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் இயன்மருத்துவர், கோல்ஃப் பயிற்றுநர் அல்ல. ஆனாலும் வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க, கையை எப்படி ஓங்குகிறார்கள் என்று பார்த்தே ஆகவேண்டும்.

வலக்கைக்காரர்களுக்கு நோவது பெரும்பாலும் இடது முழங்கையின் வெளிப்பக்கம். உட்பக்கம் நொந்தால்தான் கோல்ஃபால் வந்தது என்று நினைக்க வேண்டாம். கரைவலை இழுக்கிறவர்களும் இந்த வெளிப்பக்கத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டை நிமிர்த்தி வைத்திருக்கும் தசைநாண்கள் அங்கேதான் எலும்போடு சேர்கின்றன.

"தம்பி, இடக்கையை மடக்காம நேரா வைக்கச் சொல்லித்தானே எல்லாரும் சொல்லினம்" என்றார் ஒரு அண்ணை. விளக்குமாற்றுத் தடியைக் கொடுத்து ஓங்கிக் காட்டச் சொன்னேன். கை நேராகத்தான் இருந்தது. ஆனால் முன்கை நரம்பெல்லாம் புடைத்து, தோள் காதுவரை ஏறி நின்றது. மார்பு மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சிக்கல் அந்த மார்பில்தான். முழு வீச்சில் தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்ப வேண்டும், இடுப்பு அதில் பாதி. வயதும் முதுகும் இடம் கொடுக்காவிட்டால் குறையட்டும், பாதகமில்லை. உடல் திரும்பினால் கை தானாகவே நீளும். திரும்பாமல் கையை மட்டும் தூக்கினால், இறங்கும்போதும் கையே முந்தும். பந்தை அடித்ததும் இடது முழங்கை கோழிச்செட்டைபோல வெளியே மடங்கும். அடியின் அதிர்வை அந்த முழங்கைதான் வாங்கும்.

கை முழுதாக நிமிராவிட்டால் ஆட்டமே வராது என்பதும் பொய். அமெரிக்க கோல்ஃப் வீரர் கால்வின் பீட்டுக்குச் சிறுவயதில் இடது முழங்கை முறிந்து, பிறகு அது முழுதாக நிமிரவேயில்லை. அந்தக் கையோடு, அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் 12 போட்டிகளை வென்றார். 1981 முதல் 1990 வரை ஒவ்வொரு ஆண்டும் தொடக்க அடியைத் தவறாமல் நேர்ப்பாதையில் விழுத்துவதில் அவரே முதலிடம்.

நான் கொடுக்கும் பயிற்சி எளியது. சின்னத் துவாய் ஒன்றை இடது கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, 9ஆம் இரும்பு மட்டையால் அரை வீச்சு மட்டும் வீசுங்கள். துவாய் விழுந்தால் கை உடலை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். முழு வீச்சில் விழுந்தால் கவலை வேண்டாம். அங்கேயும் இடுக்கிக்கொண்டு நின்றால் வேறு கோளாறு வரும்.

மட்டையின் ரப்பர் பிடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் எரிச்சல். கச்சான் காற்றடிக்கும் வெயிலில் உள்ளங்கை வியர்க்கும், தேய்ந்துபோன பிடி வழுக்கும், உடனே இறுக்குவார்கள். விலையுயர்ந்த மட்டை வாங்குகிறவர் பிடியை மாற்றப் பஞ்சி பார்க்கிறார்.

நோ வந்துவிட்டால் முழு வீச்சைக் கொஞ்சக் காலம் நிறுத்துங்கள். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, சின்னத் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். தசைநாண் ஆற வாரங்கள் போகும், சிலருக்கு மாதங்கள். ஸ்டீரொய்ட் ஊசி உடனே சுகம் தரும். ஆனால் சில மாதங்களில் வலி திரும்புவது அதில் அதிகம். விமானம் ஏற முன் ஒரு ஊசி போட்டுவிடுங்கோ என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அது நரம்புச் சிக்கலாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். இடக்கை நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், மைதானத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்னிடம் வரவேண்டாம்.