பட்ஜெட் கண்ட்ரோல்: பாதீட்டுக் கண்காணிப்பும் கட்டுப்பாடும்

ஒதுக்கிய தொகைக்குள் ஒரு பணி நடந்துவருகிறதா என்று இடையிடையே ஒப்பிட்டுப் பார்த்து, விலகல் தெரிந்தவுடன் அதைச் சரிசெய்வதே பட்ஜெட் கண்ட்ரோல் எனப்படுகிறது.

பட்ஜெட் என்னும் சொல், சிறு தோல்பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில், நிதியமைச்சர் பையைத் திறந்து கணக்கை வெளியிடுகிறார் என்ற வழக்கின்வழி அரசின் நிதித்திட்டத்துக்குப் பெயராயிற்று. கண்ட்ரோல் என்பதோ 'எதிர்', 'சுருள்' எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை. மூலக் கணக்கைச் சரிபார்க்கத் தனியே எழுதிவைத்த மற்றொரு கணக்குச் சுருளையே அது முதலில் குறித்தது. அடக்கியாளுதல் என்ற பொருள் பின்னர் ஏறியது.

அந்தப் பழைய பொருளே நடைமுறைக்கு நெருக்கமானது. 40 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் ஒரு பள்ளிக் கட்டடம் எழுகிறது என்று கொள்வோம். ஆறாம் மாத முடிவில் 20 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். செலவு 18 லட்சம்தான். செலவேட்டை மட்டும் பார்ப்பவர் 2 லட்சம் மிச்சம் என்பார். முடிந்த வேலையை அளந்து மதிப்பீட்டு விலையில் கணக்கிட்டால் அது 15 லட்சமே தேறுகிறது என்றால், உண்மையில் 3 லட்சம் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. இதே போக்கில் போனால் கட்டடம் முடியும்போது செலவு 48 லட்சத்தைத் தொடும். பொதுப்பணித் துறையில் 'எம் புக்' என்று வழங்கும் அளவுப் புத்தகத்தில் வேலையை அளந்து பதிந்த பின்னரே ஒப்பந்தக்காரரின் பில் பாஸாவதும், செலவுக்கு எதிரே வேலையை நிறுத்திப் பார்க்கும் இத்தகைய ஏற்பாடுதான்.

தமிழில் பட்ஜெட்டுக்கு 'வரவு செலவுத் திட்டம்' என்பது பரவலாக வழங்கினாலும், வரவே இல்லாத கட்டுமானப் பணிக்கு அது பொருந்தாது. 'திட்டத்தின் வரவு செலவுத் திட்டம்' என்று எழுத நேர்வதும் இடர்ப்பாடு. இலங்கையில் வழங்கும் 'பாதீடு' இதற்கு மிக நன்று. பாத்தல் என்பது பகுத்தல். குறளின் 'பாத்தூண்' பகுத்துண்ணும் உணவு. பகைவரிடமிருந்து கவர்ந்து வந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, வீரர்கள் பங்கிட்டுக்கொள்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைக்குத் தொல்காப்பியம் தரும் பெயரும் பாதீடே.

கண்ட்ரோலுக்குக் 'கட்டுப்பாடு' என்று எங்கும் எழுதுவது, செலவைக் குறைப்பதே நோக்கம் என எண்ண வைக்கிறது. பணியிடப் பொறியாளர் மாதந்தோறும் வேலையையும் செலவையும் ஒப்பிட்டு அறிக்கை தருவது பாதீட்டுக் கண்காணிப்பு. அதைக் கண்டு வேலைமுறையை மாற்றவோ, திருத்திய மதிப்பீட்டுக்கு அனுமதி தரவோ மறுக்கவோ அதிகாரம் உள்ளவர் செய்வதே பாதீட்டுக் கட்டுப்பாடு.