டயட்: சொல்லும் அதற்குரிய தமிழும்

இன்று ஒருவர் ‘டயட்டில் இருக்கிறேன்’ என்று சொன்னால், அவர் எதையோ சாப்பிடாமல் ஒதுக்கியிருக்கிறார் என்றே கேட்பவர் பொருள் கொள்கிறார். பந்தியில் இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்பதற்கும், அலுவலகத்தில் நீட்டப்படும் பிறந்தநாள் கேக்கை மறுப்பதற்கும் இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. பட்டினிக்கு அடுத்த வீட்டில் குடியேறிவிட்ட இச்சொல், பிறந்தபோது இவ்வளவு குறுகிய பொருளோடு பிறக்கவில்லை.

இதன் மூலம் ‘தியாய்ட்டா’ என்னும் கிரேக்கச் சொல். அதன் பொருள் வாழும் முறை என்பது. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் உண்பது, உழைப்பது, உறங்குவது, குளிப்பது, பருவத்துக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்வது ஆகிய எல்லாமே இதற்குள் அடங்கின. இலத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, ஒருவர் வழக்கமாக உண்ணும் உணவு என்றும், மருத்துவர் வகுத்துக் கொடுக்கும் உணவு என்றும் அது சுருங்கியது. 1521இல் கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரை விசாரித்த, ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்துப் பேரவையும், இன்றைய ஜப்பானிய நாடாளுமன்றமும் ஆங்கிலத்தில் இதே பெயரால் குறிக்கப்படுவதற்கு, இலத்தீனில் ‘நாள்’ என்று பொருள்படும் சொல்லின் சாயல் இதன்மேல் படிந்ததும் ஒரு காரணம். (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தையும் நம் ஆசிரியர்கள் ‘டயட்’ என்கிறார்கள், அது முதலெழுத்துச் சுருக்கம் மட்டுமே, உறவு ஏதுமில்லை.)

எடைக்குறைப்பு என்னும் பொருள் ஓங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இலண்டனில் சவ அடக்கப் பணிகளை நடத்திவந்த வில்லியம் பேன்டிங், மருத்துவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கித் தம் உடல் பருமனைக் குறைத்த விதத்தை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் எடைக்காக உணவைக் குறைப்பதற்கு ‘பான்டா’ என்பதே இன்றும் வழக்கு. பின்னர் அமெரிக்க மருத்துவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ், 1918இல் வெளிவந்த தம் நூலின் மூலம் கலோரி எண்ணும் பழக்கத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தார். 1982இல் ‘டயட் கோக்’ என்னும் குளிர்பானம் வந்தபோது, அச்சொல்லுக்கு ‘சர்க்கரை சேராதது’ என்பதைத் தாண்டி வேறு பொருள் தேவைப்படவில்லை.

இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது பத்தியம். வழி என்று பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்த இது, உடலுக்கு இசைந்தது, நன்மை தருவது என்று பொருள்படும். அதற்கு எதிரானது அபத்தியம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தெளிவான படிநிலைகள் உண்டு. கடுகு, நல்லெண்ணெய், பாகற்காய், அகத்திக்கீரை போன்ற சிலவற்றை மட்டும் விலக்குவது இச்சாபத்தியம்; அதைவிடக் கடுமையானது கடும்பத்தியம்; மருந்து முடிந்த பின்னும் சில நாள் தொடர்வது மறுபத்தியம். அதன் பிறகு பத்தியம் முறிக்கப்படும், வீட்டுச் சாப்பாடு பழையபடி இலைக்கு வரும். மருந்தோடு தொடங்கி மருந்தையொட்டி முடிவதே பத்தியத்தின் இலக்கணம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சேர்த்து வைக்கும் பத்தியக் குழம்பைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும்: பத்தியம் என்பது விலக்குவது மட்டுமன்று, ஊட்டுவதும் ஆகும். முடிவுநாள் இல்லாமல், நோயும் இல்லாமல், கண்ணாடியைப் பார்த்து மேற்கொள்ளும் டயட்டுக்கு இந்தச் சொல்லைக் கொடுப்பது பொருந்தாது என்பதே என் கருத்து.

முடிவில்லாத கட்டுப்பாடு மனத்தை என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவே தரப்பட்டது. எடையில் ஏறத்தாழக் கால்பங்கை இழந்த அவர்கள், சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவிலும் அதையே கண்டார்கள். மீண்டும் உணவு கொடுத்தபோது, எவ்வளவு தின்றும் பசி அடங்காமல் தவித்தவர்களும் இருந்தார்கள். ஹெர்மன், மேக் ஆகிய உளவியல் ஆய்வாளர் இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. வழக்கமாக உணவைக் கட்டுப்படுத்துபவர்கள் ஒரு மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிடவில்லை. கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்றானதும் கூடுதலாகவே சாப்பிட்டார்கள். ‘இன்றைக்குத்தான் கெட்டுப்போயிற்றே, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று பரோட்டாக் கடைக்குள் நுழைபவருக்கு இது புதிய செய்தியாக இராது.

டயட்டைக் கடந்து உணவோடு நல்லுறவு கொள்வது என்று இப்போது பேசப்படும் கருத்துக்குத் தமிழில் பழைய வேர் உண்டு. குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் விலக்க வேண்டிய பண்டம் என்று ஒன்றன் பெயர்கூட இல்லை. ‘அற்றது அறிந்து கடைப்பிடித்து மாறல்ல துய்க்க துவரப் பசித்து’ என்னும் குறள், முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பின், உடலோடு மாறுபடாததை உண்ணச் சொல்கிறது. அளவுகோல் உண்பவரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பேச்சுவழக்கும் அப்படித்தான்: அரைவயிறு, முக்கால் வயிறு, வயிறார என்று நாம் அளப்பது வயிற்றைக் கொண்டே. மரபு முழுவதையும் மெச்சிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு’ என்ற கொன்றை வேந்தன் வரி, பசியை விட்டுவிட்டு அழகைக் கொண்டு உணவை அளக்கிறது. இன்றைய டயட் விளம்பரமும் பெரும்பாலும் அதையேதான் வேறு எழுத்தில் சொல்கிறது.

ஆகவே, டயட் என்ற ஒரு சொல்லுக்கு ஒரே ஈடு தேடாமல், இடத்துக்கேற்பப் பிரித்து வழங்குவது நல்லது. ஒருவரோ ஓர் ஊராரோ வழக்கமாக உண்பதைச் சொல்லும்போது உணவுமுறை என்பது சரியான சொல். கிரேக்க மூலத்துக்கு மிக அருகில் நிற்பதும் இதுவே. மருந்தோடு வருவது பத்தியம். எடைக்காகவோ சர்க்கரை நோய்க்காகவோ அளவைக் குறைப்பது உணவுக்கட்டுப்பாடு. உடலின் குறிப்பைக் கேட்டு உண்பதைப் பசியறிந்து உண்ணல் எனலாம்; ஆங்கிலத்தில் ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ எனப்படும் இதை ‘உள்ளுணர்வு உணவு’ என்று சிலர் எழுதுவது சமையல் குறிப்பின் பெயர்போல் ஒலிக்கிறது. பசியறிந்து உண்ணலை எல்லாருக்கும் பொதுவாகப் பரிந்துரைத்துவிடக் கூடாது. இன்சுலின் எடுத்துக்கொள்பவர் பசிக்கும்வரை காத்திருக்க முடியாது. உணவை அஞ்சி ஒதுக்கும் நோய்க்கு ஆளானவருக்குப் பசியுணர்வே மழுங்கியிருக்கக்கூடும். அவர்களுக்கு நேரத்தையும் அளவையும் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் குறித்துக் கொடுக்கும் உணவுமுறையே ஏற்றது.