குரங்குக்கும் நமக்கும் ஒரே பிழை

சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு நீண்டவால் குரங்குகள் பழக்கமானவை. அவற்றைக் காட்டி ஒரு கேள்வி வரும்: "குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா, இதெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?"

நாம் அந்தக் குரங்கிலிருந்து வரவில்லை. அது நமக்குத் தாத்தா முறை அல்ல, பங்காளி முறை. இருவருக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

சரி, அதற்கு என்ன சாட்சி? புதைபடிவங்கள் நிறையவே உண்டு. ஆனால் நான் முதலில் காட்டுவது வைட்டமின் சி-யை. நாய், பூனை, ஆடு எல்லாம் தமக்கு வேண்டியதைக் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது. சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், ஸ்கர்வி வரும். இத்தனைக்கும், தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால் பல துண்டுகள் உதிர்ந்து, செயலற்றுக் கிடக்கிறது. அதன் ஒரு பகுதியை மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு நால்வரிடமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே இடத்தில், டி.என்.ஏ-வின் ஒரே ஓர் எழுத்து, நால்வரிடமும் விடுபட்டிருந்தது. மெக்ரிட்சி குரங்கும் மக்காக் வகைதான்.

ஓலைச்சுவடிகளை ஒப்பிடுகிறவர்களுக்கு இது புரியும். இரண்டு ஏடுகளில் ஒரே எழுத்து ஒரே இடத்தில் விட்டுப்போயிருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை என்றுதான் கொள்வார்கள். கினிப் பன்றியாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. ஆனால் அதன் மரபணு சிதைந்திருக்கும் விதமே வேறு. தன் கிளையில் தனியாக இழந்தது அது. எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

இப்படி உடைந்தும் அந்த மூதாதை எப்படிப் பிழைத்தது? பழமும் இலையும் தின்று வாழ்ந்ததால் குறை தெரியவில்லை என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். உயிரைப் பாதிக்காத இழப்பை இயற்கைத் தேர்வு களைவதில்லை. பரிணாமம் என்றால் மேலே மேலே ஏறும் படிக்கட்டு என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில், சேற்றில் துள்ளும் மட்ஸ்கிப்பர் மீனைப் பார்த்து, "தரைக்கு வரப் பார்க்குது" என்பதும் அதே தடுமாற்றம்தான். அது பாதி வழியில் நிற்கும் பிராணி அல்ல; ஈரத்தோல் வழியாகவும் மூச்சுவிட்டு, அலையேற்றச் சேற்றில் நன்றாகவே வாழும் முழு மீன். முதுகெலும்பிகள் தரையேறியது ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன், சதைத்துடுப்பு மீன்களின் கிளையிலிருந்து. மட்ஸ்கிப்பர் அந்தக் கிளையே அல்ல. மீன்களில் இன்று நமக்கு மிக நெருங்கிய சொந்தம் நுரையீரல் மீன்.